மணிக்கட்டில் அணியும் உடல்நலப் பட்டை: எதைத் தேர்வது? எத்தனை காலம் உழைக்கும்?

இதயநோய்ப் புறநோயாளிகள் பிரிவுக்கு வருவோரில் பலருடைய மணிக்கட்டில், முன்பு கைக்கடிகாரம் இருந்த இடத்தில் இன்று உடல்நலப் பட்டை இருக்கிறது. வெளியூரில் பணிபுரியும் பிள்ளைகள் வாங்கி அனுப்பியதாகவோ, பணி ஓய்வின்போது அலுவலக நண்பர்கள் அளித்த பரிசாகவோ அது இருக்கும். இன்னும் வாங்காதவர்கள், மருந்துச் சீட்டைப் பெற்றுக்கொண்டு எழும் வேளையில், "எந்த பேண்ட் வாங்கலாம் டாக்டர்?" என்று கேட்கிறார்கள். ஒரு நிறுவனத்தின் பெயரைச் சொல்லிவிடுவது எளிது. ஆனால் மாடல்கள் ஆண்டுதோறும் மாறுகின்றன. இன்று சொல்லும் பெயர் அடுத்த தீபாவளிக்குக் கடையில் இருக்கும் என்ற உறுதி இல்லை. ஆகவே எதைப் பார்த்துத் தேர்வது, வாங்கியதை எவ்வாறு நீண்ட நாள் உழைக்கச் செய்வது, அது காட்டும் எண்ணை எந்த அளவுக்கு நம்புவது என்ற மூன்றையும் இக்கட்டுரையில் காண்போம்.

நீடித்து உழைப்பது ஏன் முக்கியம்?

ஒரு பொருள் எத்தனை காலம் உழைக்கும் என்பது பொதுவாகப் பணத்தைப் பற்றிய கேள்வி. உடல்நலப் பட்டையைப் பொறுத்தவரை அது மருத்துவக் கேள்வியும் ஆகும். ஒரு நாளின் காலடி எண்ணிக்கையோ, ஒரு வேளையின் நாடித்துடிப்போ தனியாக நின்று அதிகம் சொல்வதில்லை. பல மாதங்களின் பதிவோடு ஒப்பிடும்போதே அதற்குப் பொருள் கிடைக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு. மூன்று மாதங்களாக ஓய்வில் நிமிடத்துக்கு 64 என்ற அளவில் இருந்த ஒருவரின் நாடித்துடிப்பு, இரண்டு வாரங்களாக 78 என்று நிற்கிறது. இரண்டுமே இயல்பான எல்லைக்குள் உள்ள எண்கள்தாம். ஆயினும் அந்த மாற்றம் மருத்துவருக்கு ஒரு செய்தி. காய்ச்சல், இரத்தசோகை, தைராய்டு மிகைச் சுரப்பு, மாத்திரையை விட்டுவிட்டது, இதயச் செயலிழப்பின் தொடக்கம் எனப் பல காரணங்களை ஆராய அது வழிகாட்டுகிறது. அதுபோலவே, நாள்தோறும் 5,000 அடி நடந்துவந்தவர் தம்மை அறியாமலே 3,000 அடிக்குக் குறைந்திருப்பார். "மூச்சு வாங்குகிறதா?" என்று கேட்டால் "இல்லை" என்பார். மூச்சு வாங்கும் அளவுக்கு அவர் நடப்பதையே நிறுத்திவிட்டார் என்பதை அந்தப் பதிவு காட்டிக்கொடுக்கும்.

பட்டை ஆறாம் மாதத்தில் பழுதாகி மேசை இழுப்பறைக்குள் போய்விட்டால் இந்த ஒப்பீடு அறுந்துவிடும். ஆகவே நிறைய வசதிகள் கொண்டு விரைவில் கைவிடப்படும் கருவியைவிட, சில வசதிகளே இருந்தாலும் ஆண்டுக்கணக்கில் கையில் இருக்கும் கருவியே நோயாளிக்குப் பயன் தரும்.

பயன் உண்மையிலேயே உண்டா என்று சிலர் ஐயுறலாம். 2022-ஆம் ஆண்டு 'லான்செட் டிஜிட்டல் ஹெல்த்' இதழில் வெளியான ஒரு பெரும் தொகுப்பாய்வு, ஏறத்தாழ 1,64,000 பேர் பங்கேற்ற ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. இத்தகைய கருவிகளை அணிந்தவர்கள் நாளொன்றுக்குச் சுமார் 1,800 அடிகள் கூடுதலாக நடந்தனர். நடைநேரம் நாளுக்கு ஏறத்தாழ 40 நிமிடம் கூடியது. எடை சராசரியாக 1 கிலோ குறைந்தது. அதே வேளையில், 2016-இல் அமெரிக்க மருத்துவக் கழக இதழில் வெளிவந்த ஆய்வொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். எடை குறைக்க முயன்ற 471 இளம் வயதினரை 24 மாதங்கள் கண்காணித்ததில், கருவி அணிந்த குழுவினர் சராசரியாக 3.5 கிலோவும், கருவியின்றி வழக்கமான ஆலோசனை பெற்ற குழுவினர் 5.9 கிலோவும் குறைந்திருந்தனர். நடக்கத் தூண்டுவது பட்டையால் முடியும். உணவுக் கட்டுப்பாட்டை அதனிடம் ஒப்படைக்க முடியாது.

பட்டைக்குள் நடப்பது என்ன?

பட்டையைக் கழற்றி அதன் அடிப்பக்கத்தைப் பார்த்தால் பச்சை நிற ஒளி மின்னுவது தெரியும். இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் பச்சை ஒளியை உறிஞ்சும் இயல்புடையது. ஒவ்வொரு துடிப்பின்போதும் தோலடி நாளங்களில் இரத்தம் கூடுகிறது. திரும்பி வரும் ஒளி குறைகிறது. இந்த ஏற்ற இறக்கத்தை எண்ணியே பட்டை நாடித்துடிப்பைக் கணக்கிடுகிறது. இரத்த ஆக்சிஜன் அளவைக் கணிக்கச் சிவப்பு ஒளியும் அகச்சிவப்புக் கதிரும் பயன்படுகின்றன. காலடிகளை எண்ணுவது அசைவை உணரும் மிகச் சிறிய சில்லு ஒன்றாகும்.

இந்த அடிப்படையை அறிந்தால், பட்டை எப்போது தவறும் என்பதும் விளங்கும். பட்டை தளர்ந்திருந்தால் வெளிச்சம் உள்ளே புகும். கை குளிர்ந்திருந்தால் தோலில் இரத்தவோட்டம் குறையும். பச்சை குத்திய இடத்தில் மை ஒளியை மறைக்கும். நடைச்சட்டத்தையோ, கடைத் தள்ளுவண்டியையோ பிடித்துக்கொண்டு நடக்கும்போது கை வீசப்படுவதில்லை. ஆகவே அடிகள் குறைவாகப் பதிவாகும். மிக மெதுவாகக் கால் தேய்த்து நடக்கும் முதியோருக்கும் இதே நிலைதான். மாறாக, வண்டியில் குண்டும் குழியுமான சாலையில் செல்லும்போது, நடக்காத அடிகளும் கணக்கில் ஏறலாம்.

எந்த எண்ணை எவ்வளவு நம்பலாம்?

காலடி எண்ணிக்கையும் ஓய்வுநிலை நாடித்துடிப்பும் பெரும்பாலானோருக்கு நம்பத்தக்கவை. 2017-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 60 தன்னார்வலர்களைக் கொண்டு ஏழு கருவிகளைச் சோதித்தனர். அவற்றுள் ஆறு, நாடித்துடிப்பை 5 விழுக்காட்டுக்கும் குறைவான பிழையுடன் அளந்தன. ஆனால் செலவான கலோரியைக் கணிப்பதில் ஒன்றும் தேறவில்லை. மிகச் சிறந்த கருவியே சராசரியாக 27 விழுக்காடு பிழைசெய்தது. மிக மோசமானது 93 விழுக்காடு. ஆகவே, "300 கலோரி செலவாயிற்று" என்று திரையில் கண்டு, அதற்கு ஈடாக இரண்டு வடை கூடுதலாக உண்பது கூடாது. கலோரி எண்ணைப் பார்க்காமல் விட்டுவிடுவதே நல்லது.

இதயம் ஒழுங்கற்றுத் துடிக்கும் 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' என்னும் நோய் உள்ளவர்களுக்கு ஒரு சிறப்பு எச்சரிக்கை. இந்நிலையில் சில துடிப்புகள் மணிக்கட்டு வரை எட்டுவதில்லை. எனவே பட்டை காட்டும் எண், இதயத்தின் உண்மையான துடிப்பைவிடக் குறைவாக இருக்கக்கூடும். 'பீட்டா பிளாக்கர்' வகை மாத்திரை உட்கொள்வோர், 220-இலிருந்து வயதைக் கழித்துப் பட்டை வகுத்துக் காட்டும் உடற்பயிற்சி எல்லைகளைப் பின்பற்ற வேண்டா. அம்மருந்து துடிப்பு உயராமல் தடுக்கும். அந்த எல்லையை எட்டமுயன்று உடலை வருத்திக்கொள்ள நேரும். உங்களுக்குரிய எல்லையை மருத்துவரிடமோ, இயன்முறை சிகிச்சையாளரிடமோ கேட்டுப் பெறுங்கள். பேசியபடி நடக்க முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்ற அளவு, பலருக்கும் பொருந்தும் எளிய வழிகாட்டி.

துடிப்பின் ஒழுங்கின்மையைக் கண்டு எச்சரிக்கும் வசதி சில கடிகாரங்களில் உண்டு. 2019-இல் வெளியான ஆய்வொன்றில் 4,19,297 பேர் பங்கேற்றனர். அவர்களுள் எச்சரிக்கை பெற்றவர்கள் 0.52 விழுக்காட்டினர். அவ்வாறு பெற்று, பின்னர் மார்பில் ஒட்டும் ஈசிஜிப் பட்டையைப் பல நாள் அணிந்தவர்களில், 34 விழுக்காட்டினருக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உறுதியானது. இந்நோய் வந்து வந்து போகும் இயல்புடையது என்பதால், மற்றவர்களுக்கு அது இல்லை என்றும் முடிவு கட்டிவிட முடியாது. எச்சரிக்கை வந்தால் அச்சமும் வேண்டா, அலட்சியமும் வேண்டா. சில நாள்களுக்குள் மருத்துவரைக் கண்டு முறையான ஈசிஜி எடுத்துக்கொள்ளுங்கள். இந்நோய் பக்கவாத வாய்ப்பை ஏறத்தாழ ஐந்து மடங்கு உயர்த்துவது; தக்க மருந்தால் அந்த ஆபத்தைப் பெருமளவு குறைக்கவும் முடிவது.

இரத்த ஆக்சிஜன் அளவைப் பொறுத்தவரை, கருத்த தோல் உடையவர்களிடம் மருத்துவமனைகளில் விரலில் மாட்டும் கருவிகளே சில வேளைகளில் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டுகின்றன என்பதை 2020-இல் வெளியான அமெரிக்க ஆய்வு உணர்த்தியது. மணிக்கட்டுக் கருவிகள் அவற்றைவிட நுட்பமானவை அல்ல. நம்மில் பெரும்பாலோர் மாநிறமோ கருநிறமோ உடையவர்கள் ஆதலால் இதை மனத்தில் இருத்த வேண்டும். மூச்சுத்திணறல் இருக்கும்போது பட்டையில் 97 என்று கண்டு ஆறுதல் அடையலாகாது.

இரத்த அழுத்தத்தைக் காட்டும் கடிகாரங்கள் சிலவற்றை, மேற்கையில் கட்டும் வழக்கமான கருவியுடன் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை ஒப்பிட்டுச் சரிசெய்ய வேண்டியிருக்கிறது. அந்த எண்ணைக் கொண்டு மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. ஊசி குத்தாமலே சர்க்கரை அளவைக் காட்டுவதாகக் கூறும் கடிகாரங்களும் மோதிரங்களும் விற்பனைக்கு வருகின்றன. இவற்றைப் பயன்படுத்த வேண்டா என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் வெளிப்படையாக எச்சரித்தது. இன்சுலின் செலுத்திக்கொள்வோர் தவறான எண்ணை நம்பி அளவை மாற்றினால் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

10,000 அடிகள் நடந்தே ஆக வேண்டுமா?

பல பட்டைகள் தொடக்கத்திலேயே 10,000 அடிகளை இலக்காக வைத்திருக்கும். இந்த எண் மருத்துவ ஆய்வில் பிறந்ததன்று. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த காலடி எண்ணும் கருவி ஒன்றின் பெயரே 'பத்தாயிரம் அடி அளவி' என்று பொருள்படும். அங்கிருந்து உலகெங்கும் பரவிய எண் இது. சராசரியாக 72 வயதான அமெரிக்கப் பெண்களிடம் நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வில், நாளொன்றுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே இறப்பு 41 விழுக்காடு குறைந்திருந்தது. சுமார் 7,500 அடிகளுக்கு மேல் கூடுதல் பயன் தெரியவில்லை.

ஆஞ்சியோபிளாஸ்டியோ, பைபாஸ் அறுவைச் சிகிச்சையோ முடித்து வீடு திரும்பியவர்கள் முதல் வேலையாகப் பட்டையின் இலக்கை மாற்றி அமையுங்கள். முதல் வாரத்தில் இயல்பாக எவ்வளவு நடக்கிறீர்கள் என்று பாருங்கள். பிறகு மருத்துவர் அனுமதித்த அளவில், வாரந்தோறும் சில நூறு அடிகளாகக் கூட்டுங்கள். எட்ட முடியாத இலக்கு நாள்தோறும் கண்முன் நின்றால் மனம் சோர்ந்துவிடும். அவ்வாறு சோர்ந்து பட்டையைக் கழற்றி வைத்தவர்கள் பலர்.

எத்தனை காலம் உழைக்கும்?

பட்டை பழுதாவதற்குப் பொதுவாக ஐந்து இடங்கள் உண்டு: பேட்டரி, நீர்காப்பு, வார், திரை, செயலி.

பேட்டரியை முதலில் காண்போம். இவற்றில் உள்ள லித்தியம் அயான் பேட்டரி, பெரும்பாலும் 300 முதல் 500 முழுச் சுற்றுகள் சார்ஜ் ஏறி இறங்கிய பின் தன் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கை இழக்கும். உயர்ரகப் பேட்டரிகள் கூடுதல் சுற்றுகள் தாங்கும். 14 நாளுக்கு ஒருமுறை சார்ஜ் ஏற்றும் எளிய பட்டைக்கு ஆண்டுக்கு 26 சுற்றுகளே ஆகும். நாள்தோறும் சார்ஜ் கேட்கும் ஸ்மார்ட் வாட்ச், ஏறத்தாழ 16 மாதங்களில் 500 சுற்றுகளை முடித்துவிடும். புதிதாக இருக்கும்போது 18 மணி நேரம் தாங்கியது அப்போது 14 மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலாகத்தான் தாங்கும். மாலையில் சார்ஜருக்குப் போனால் இரவுப் பதிவு நின்றுவிடும். பெரும்பாலான பட்டைகளில் பேட்டரியை மாற்றும் வசதி இல்லை. பேட்டரி ஓய்ந்தால் பட்டையும் ஓய்ந்தது. முதியோர்க்கு இன்னொரு தொல்லையும் உண்டு. நடுங்கும் விரல்களால் அந்தச் சிறு சார்ஜரைப் பொருத்துவது எளிதன்று. ஆகவே அவர்களுக்கு ஒரு வாரத்துக்கு மேல் சார்ஜ் தாங்கும் பட்டையே ஏற்றது.

அடுத்தது நீர்காப்பு. பெட்டியில் '5 ஏடிஎம்' என்றோ '50 மீட்டர்' என்றோ அச்சிட்டிருந்தால், அது ஆய்வகத்தில் அசையாத நீரின் அழுத்தத்தில் செய்த சோதனையைக் குறிக்கும். அதை அணிந்து 50 மீட்டர் ஆழத்தில் மூழ்கலாம் என்று பொருள் கொள்ளக் கூடாது. 'ஐபி67' என்றால் 1 மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் வரை தாங்கும். சோதனைகள் நல்ல நீரில் நடப்பவை. வெந்நீர், நீராவி, சோப்பு, ஷாம்பூ ஆகியவை உள்ளே நீர் புகாமல் அடைத்திருக்கும் ரப்பரை மெல்ல மெல்லக் கெடுக்கும். முதல் நாள் இருந்த நீர்காப்பு இரண்டாம் ஆண்டிலும் அப்படியே இருக்கும் என்று கருத வேண்டா.

மூன்றாவதாக, வார். வியர்வையும் எண்ணெயும் கலந்த நம் தட்பவெப்பத்தில் முதலில் கெடுவது பெரும்பாலும் இதுவே. பிசுபிசுத்து, வெடித்து, கொக்கி தளர்ந்துவிடும். எந்தக் கடிகாரக் கடையிலும் கிடைக்கும் 20 அல்லது 22 மில்லிமீட்டர் அகல வார் பொருந்துமா என்று வாங்கும் முன் பாருங்கள். பொருந்தினால் சிறு செலவில் பட்டை மறுவாழ்வு பெறும். அந்த மாடலுக்கே உரிய வார் என்றால், கூடுதலாக ஒன்றை அப்போதே வாங்கி வைப்பது நன்று.

திரை உடைவது வீட்டுக் கைப்பிடிகளிலும், பேருந்துக் கம்பிகளிலும், துவைக்கும் கல்லிலும் இடித்துக்கொள்வதால்தான். திரையைச் சுற்றிச் சற்றே உயர்ந்த விளிம்பு உள்ள மாடல் இதைப் பெரிதும் தவிர்க்கும்.

ஐந்தாவதான செயலியைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. பட்டை திரட்டும் தகவல் கைப்பேசிச் செயலி வழியாக நிறுவனத்தின் சர்வருக்குச் செல்கிறது. நிறுவனம் அச்சேவையை நிறுத்தினால், பழுதில்லாத பட்டையும் பெரும்பயன் அற்றதாகிவிடும். 'பெபிள்' நிறுவனம் 2016-இல் மூடப்பட்டது. அதன் சர்வர்கள் 2018 ஜூனில் நின்றன. மைக்ரோசாஃப்ட் நிறுவனமே தன் 'பேண்ட்' கருவிக்கான சேவையை 2019 மே 31-உடன் முடித்துக்கொண்டது. ஆகவே பல ஆண்டுகளாக இத்துறையில் இருக்கும் நிறுவனமா, அதன் செயலி உங்களுடைய கைப்பேசியில் இயங்குமா என்று பார்ப்பது அவசியம். பழைய கைப்பேசி வைத்திருக்கும் பெற்றோருக்குப் புதிய பட்டை வாங்கி அனுப்பும் பிள்ளைகள் இதைத் தவறாமல் கவனிக்க வேண்டும்.

வாங்கும் வேளையில்

முதலில் ஒரு கேள்வி. உங்களுக்கு உயர் இரத்த அழுத்தம் உண்டா? வீட்டில் மேற்கையில் கட்டும் இரத்த அழுத்தக் கருவி இல்லையா? அப்படியானால் இருக்கும் பணத்தில் முதலில் அதை வாங்குங்கள். பட்டை அதற்குப் பிறகு.

இயன்றால் கடைக்கு அணிபவரையே அழைத்துச் செல்லுங்கள். வெயிலில் நின்று திரையில் உள்ள எண்ணைக் கண்ணாடியின்றிப் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். கொக்கியை அவரே ஒற்றைக் கையால் மாட்டிக் கழற்றட்டும். பக்கவாதம் வந்தவர்களுக்கும் மூட்டுவாதம் உள்ளவர்களுக்கும் இதுவே முதன்மையான சோதனை. தனியே வாழும் முதியோர்க்கு, கீழே விழுந்ததை உணர்ந்து உறவினருக்குத் தகவல் அனுப்பும் வசதி பயன்படலாம். அது கைப்பேசி அருகில் இருந்தால் மட்டும் வேலை செய்யுமா, தனியாகவும் செய்யுமா என்று கேட்டறியுங்கள்.

விலையை உழைக்கும் ஆண்டுகளால் வகுத்துப் பாருங்கள். 3,000 ரூபாய்ப் பட்டை மூன்று ஆண்டு உழைத்தால் ஆண்டுக்கு 1,000 ரூபாய். 20,000 ரூபாய்க் கடிகாரம் நான்கு ஆண்டு உழைத்தால் ஆண்டுக்கு 5,000 ரூபாய். ஈசிஜி வசதி வேண்டும் என்று மருத்துவர் கருதினாலன்றி, நடையையும் நாடியையும் பதிவதற்கு முதலாவதே போதும். உத்தரவாதக் காலம் எவ்வளவு, நீர் புகுந்தால் அது செல்லுமா, உங்கள் ஊரில் பழுதுநீக்கும் மையம் உண்டா என்பவற்றைக் கேளுங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். உத்தரவாதத்தை மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம்.

யார் சிறப்பாகக் கவனிக்க வேண்டும்?

பேஸ்மேக்கர் அல்லது ஐசிடி பொருத்தியவர்கள், காந்தம் உள்ள கடிகாரத்தையும் அதன் சார்ஜரையும் அக்கருவியிலிருந்து குறைந்தது 15 சென்டிமீட்டர் தள்ளியே வைத்திருங்கள். கடிகாரம் அணிந்த கையை மார்பின்மீது வைத்து உறங்க வேண்டா. உடலில் உள்ள கொழுப்பின் அளவைக் கணிக்கும் வசதி சில கடிகாரங்களில் உண்டு. அது உடலுக்குள் மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்துவதால், இவர்கள் அதைப் பயன்படுத்தக் கூடாது.

டயாலிசிஸுக்காக ஃபிஸ்டுலா அமைத்த கையிலும், மார்பகப் புற்றுநோய்க்காக நிணநீர்க் கணுக்களை நீக்கிய பக்கத்துக் கையிலும் பட்டை அணியலாகாது. இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை உட்கொள்வோர் இறுக்கமாகக் கட்ட வேண்டா. தோலடியில் இரத்தம் கட்டும். எம்ஆர்ஐ அறைக்கும் அறுவை அரங்குக்கும் செல்லும் முன் கழற்றி உறவினரிடம் கொடுங்கள்.

பட்டைக்கு அடியில் தோல் சிவந்தாலோ அரித்தாலோ உடனே கழற்றுங்கள். தோல் ஒவ்வாமையால் 2014-இலும், பேட்டரி சூடாகித் தீப்புண் ஏற்படுத்தியதால் 2022-இலும், பெயர்பெற்ற மாடல்களே சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. பட்டை வழக்கத்துக்கு மாறாகச் சூடாவதையோ புடைப்பதையோ கண்டால் அதை மீண்டும் சார்ஜ் ஏற்ற வேண்டா. சர்க்கரை நோயால் கையில் உணர்வு குறைந்தவர்களுக்குச் சூடு தெரியாமல் போகலாம். உடனிருப்போர் தொட்டுப் பார்ப்பது நல்லது.

நீண்ட நாள் உழைக்கச் செய்ய

மணிக்கட்டு எலும்பிலிருந்து ஒரு விரல் அளவு மேலே, தோலோடு ஒட்டியிருக்குமாறும் வடு பதியாதவாறும் அணியுங்கள். நாள்தோறும் குளிக்கும்போது கழற்றி வைத்து, தோலும் பட்டையும் உலர்ந்த பின் அணியுங்கள். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலின்போது பட்டை கையில் இருக்கக் கூடாது. எண்ணெய்ப் படலம் ஒளி உணரியை மங்கச் செய்யும். வாரம் ஒருமுறை நல்ல நீரில் நனைத்த மென்துணியால் அடிப்பக்கத்தைத் துடைத்து, உலர்ந்த துணியால் ஈரத்தை ஒற்றி எடுங்கள். சானிடைசரை அதன்மீது தெளிக்க வேண்டா.

சார்ஜ் ஏற்றும் முன் உலோகப் புள்ளிகளைத் துடைப்பது மிக முக்கியம். வியர்வையின் உப்பு ஈரத்தோடு இருக்கையில் மின்சாரம் பாய்ந்தால் அப்புள்ளிகள் அரித்துப்போகும். பட்டை நன்றாயிருந்தும் சார்ஜ் ஏறவில்லை என்ற குறைக்கு இது ஒரு முக்கியக் காரணம். முற்றிலும் தீரும்வரை விடாமல், 20 விழுக்காட்டுக்கு இறங்கியதும் ஏற்றுங்கள். கூடிய வரை 80-ஐ ஒட்டி நிறுத்தினால் பேட்டரியின் ஆயுள் கூடும். வெயிலில் நிறுத்திய காரிலோ, அடுப்புக்கு அருகிலோ வைக்காதீர்கள். எப்போதும் ஒளிரும் திரையை அணைத்து, தேவையற்ற செய்தி அறிவிப்புகளை நிறுத்தினால் சார்ஜும் மிஞ்சும், மனமும் அமைதியாக இருக்கும். நிமிடத்துக்கொருமுறை நாடியைப் பார்த்துப் பதறுவோர், வாரத்துக்கு ஒருநாள் மட்டும் பார்க்கும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்வது நன்று.

ஓய்ந்த பட்டையைக் குப்பைத் தொட்டியில் எறிய வேண்டா. உள்ளிருக்கும் பேட்டரி நசுங்கினால் தீப்பிடிக்கும். மின்னணுக் கழிவு சேகரிக்கும் மையத்தில் ஒப்படையுங்கள். புதிய பட்டை வாங்கினால், பழையது இயங்கும் நிலையில் இருக்கும்போதே இரண்டையும் ஒரு வாரம் சேர்த்து அணியுங்கள். கணக்கிடும் முறை மாடலுக்கு மாடல் வேறுபடும். பழையது 5,000 என்பதைப் புதியது 5,600 என்று காட்டலாம். அந்த வேறுபாட்டைக் குறித்து வைத்தால், நோய் குணமாவதாகவோ முற்றுவதாகவோ தவறாக எண்ண நேராது.

பட்டை சொல்வதும் உடல் சொல்வதும்

அவசரச் சிகிச்சைப் பிரிவில் நாங்கள் கேட்க விரும்பாத வாக்கியம் ஒன்று உண்டு: "நெஞ்சு வலித்தது, ஆனால் பட்டையில் எல்லாம் நார்மல் என்று காட்டியதால் விடியும் வரை காத்திருந்தோம்." மாரடைப்பின்போது நாடித்துடிப்பு 76 ஆகவும் இருக்கலாம், ஆக்சிஜன் 98 ஆகவும் இருக்கலாம். இதயத்துக்குச் செல்லும் இரத்தக்குழாய் அடைபட்டதை எந்தப் பட்டையாலும் கண்டறிய முடியாது. ஈசிஜி வசதியுள்ள கடிகாரமும் இதயத்தை ஒரே கோணத்திலிருந்துதான் பார்க்கிறது. மருத்துவமனையில் எடுக்கும் ஈசிஜி பன்னிரண்டு கோணங்களில் பார்க்கிறது. அடைப்பை நீக்கும் சிகிச்சை, வலி தொடங்கிய முதல் சில மணி நேரத்தில் கிடைத்தால்தான் இதயத் தசை பிழைக்கும்.

நெஞ்சில் அழுத்தமோ எரிச்சலோ, இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலியோ, காரணமில்லாத வியர்வையோ, மூச்சுத்திணறலோ, மயக்கமோ தோன்றினால் பட்டையைப் பார்க்க வேண்டா, 108-ஐ அழையுங்கள். வாய் கோணுதல், ஒரு பக்கக் கை தளர்தல், பேச்சுக் குழறல் ஆகிய பக்கவாத அறிகுறிகளுக்கும் இதுவே பொருந்தும். சர்க்கரை நோயாளிகளுக்கும் முதியோர்க்கும் மாரடைப்பு வலியின்றி, வெறும் களைப்பாகவும் வரலாம். உடனிருப்போர் இதைத் தெரிந்து வைத்திருங்கள்.

வாரம் ஒருமுறை, ஞாயிறு காலையில், ஒரு சாதாரண நோட்டுப் புத்தகத்தில் நான்கு எண்களைத் தேதியிட்டு எழுதி வாருங்கள்: அவ்வாரச் சராசரிக் காலடிகள், ஓய்வுநிலை நாடித்துடிப்பு, மேற்கைக் கருவியில் பார்த்த இரத்த அழுத்தம், உடல் எடை. இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு எடையை மட்டும் வாரம் ஒருமுறை பார்ப்பது போதாது. நாள்தோறும் காலையில் பாருங்கள். இரண்டு மூன்று நாளில் 2 கிலோ கூடினால் உடனே தெரிவியுங்கள். மறுபரிசோதனைக்கு வரும்போது அந்த நோட்டைக் கையோடு கொண்டு வாருங்கள். பட்டை பழுதாகலாம், செயலி நின்றுபோகலாம், கைப்பேசி தொலையலாம். நோட்டில் எழுதியவை உங்களிடம் இருக்கும்.